பியர் போத்தலுக்கு மூடி அடிப்பது: காஸ் எங்கே போனது என்று தேடுபவர்களுக்கு

வீட்டில் காய்ச்சிய பியரைப் போத்தலில் அடைத்து, இரண்டு கிழமை பொறுத்திருந்து ஆசையாகத் திறந்தால் 'ஸ்ஸ்' என்ற சத்தமே இல்லை, ஆறின தேத்தண்ணி மாதிரி ஒரு பியர். உடனே எல்லாரும், ஈஸ்ட் தின்று காஸ் உண்டாக்கட்டும் என்று போத்தலில் அடைக்கும்போது போடும் சீனியைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் ஈஸ்ட் செத்துப்போனது என்பார்கள். நானும் அப்படி நினைத்து அடுத்த தடவை சீனியைக் கூட்டிப் போட்டேன். மடத்தனம். அந்த முறை பாதிப் போத்தல் பழையபடி சப்பென்று இருந்தது, மீதிப் பாதி திறந்தவுடன் குசினிச் சுவர் முழுக்க நுரை. ஒரே வாளி, நன்றாகக் கலக்கிய ஒரே சீனிப்பாணி, அப்படியிருந்தும் போத்தலுக்குப் போத்தல் வித்தியாசம் என்றால் முதலில் மூடியைப் பாருங்கள்.

மூடிக்கும் முன்னால் போத்தல். கனடாவில் இருக்கிறவர்களுக்குச் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. இங்கே கடையில் வாங்கும் 341 மில்லிலீற்றர் மண்ணிறப் போத்தல் பெரும்பாலும் கையால் திருகித் திறக்கிற வகை, வாயைச் சுற்றி விரலால் தடவினால் புரி தட்டுப்படும். சும்மா கிடைக்கிறதே என்று நான் சேர்த்து வைத்ததும் அதைத்தான். இரண்டு கை வைத்த சாதாரணக் கப்பர், அதாவது மூடி அடிக்கும் கருவி, போத்தலின் கழுத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் மூடியை அமுக்கும், இந்தப் போத்தல்களில் அந்தப் பிடி சரியாக அமையாமல் மூடி அரைகுறையாக நிற்கும், சில வேளை வாய்க் கண்ணாடியே உடையும். இவற்றைத்தான் பாவிப்பேன் என்று அடம்பிடித்தால், மேசையில் நிற்கும் நெம்புகோல் கப்பரும் திருகு போத்தலுக்கென்றே விற்கும் மூடியும் வாங்குங்கள், ஓரளவு சரிவரும். நான் அந்த வழியை விட்டுவிட்டு, திறப்பானால் நெம்பித் திறக்கிற 500 மில்லிலீற்றர் ஜெர்மன் கோதுமை பியர் போத்தல்களுக்கு மாறிவிட்டேன். அவற்றைக் காலியாக்குவது ஒன்றும் பெரிய தியாகமில்லை.

சில பெல்ஜியப் போத்தல்களும் ஷாம்பெயின் வகைப் போத்தல்களும் 29 மில்லிமீற்றர் மூடி கேட்கும். கடையில் பொதுவாகக் கிடைப்பது 26. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். வைன் போத்தல், ஜாம் போத்தல் பக்கமே போக வேண்டாம், அவை அழுத்தம் தாங்கச் செய்தவை அல்ல.

இந்தப் பல் வைத்த மூடிக்கு 1892இல் பால்ட்டிமோரில் வில்லியம் பெயின்டர் என்பவர் காப்புரிமை வாங்கினார். அப்போது 24 பல், உள்ளே தக்கை. இப்போது 21 பல், உள்ளே பிளாஸ்டிக் படலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பற்களின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான். காஸை அடைத்து வைப்பது அந்த மெல்லிய படலம். அதனால் மூடிகளைக் கொதிக்க வைக்காதீர்கள், பிறகு கழுவத் தேவையில்லாத வகைக் கிருமிநாசினித் தண்ணீரில் தோய்த்து எடுத்தால் போதும். ஒட்சிசனை உறிஞ்சும் மூடி என்று தனியாக ஒன்று விற்கிறார்கள், ஈரம் பட்டதும் அது வேலையைத் தொடங்கிவிடும், எனவே அதை முதல் நாளே ஊறப்போடாமல் அடிப்பதற்குச் சற்று முன்னால் நனையுங்கள்.

சரி, அடிப்பது. நிரப்பும் குழாயைப் போத்தலின் அடிவரை விட்டு வாய் வரைக்கும் நிரப்பி, குழாயை வெளியே எடுத்தால் மேலே மூன்று சென்ரிமீற்றர் அளவு இடம் தானாக வரும், அதுவே கணக்கு. மூடியை மேலே சும்மா வைத்துவிட்டு அடுத்த நாலைந்து போத்தலை நிரப்பலாம், அதற்குள் மேலெழும் கொஞ்ச நுரை உள்ளே நிற்கும் காற்றில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிடும். பிறகு போத்தலை உயரமான மேசையில் வைக்காமல் நிலத்திலோ பதிந்த முக்காலியிலோ ஈரத் துவாய் விரித்து வையுங்கள், வழுக்காது. கப்பரை நேராக இருத்தி, இரண்டு கையையும் ஒரே வேகத்தில், அது தானாக நிற்கும் வரை அமுக்குங்கள். ஒரு கை முந்தினால் மூடி சரியும், சரிந்த பக்கத்தால் காஸ் போகும். உடம்புப் பாரத்தை எல்லாம் அதன் மேல் போட வேண்டாம். சரிந்த மூடியைத் திருப்பி அடித்து நேராக்கப் பார்க்காமல் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், ஒரு மூடி சில சதம்தான். நடுவில் சின்னப் பள்ளம் விழுந்தால் பயமில்லை.

அடித்த ஒவ்வொன்றையும் மூடியைப் பிடித்து விரலால் திருகிப் பாருங்கள். சுழன்றால் அது அடைபடவில்லை. வேர்னியர் என்ற அளவுகோல் இருந்தால் 26 மூடியின் பாவாடை போன்ற பல் விளிம்பைக் குறுக்காக அளக்கலாம், 28.6க்கும் 28.8 மில்லிமீற்றருக்கும் இடையில் வந்தால் நல்ல பிடி. நாலு நாள் கழித்துச் சந்தேகமான போத்தலின் கழுத்தை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள், குமிழி வந்தால் கசிகிறது. கம்பி வைத்த பீங்கான் மூடிப் போத்தல் பாவிப்பவர்கள் றப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும், விறைத்தோ வெடித்தோ இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் சரி. அப்புறம், ஒவ்வொரு தடவையும் ஒரேயொரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலையும் நிரப்பி வையுங்கள். அது கல் மாதிரி விறைத்துவிட்டால் மற்றவற்றிலும் காஸ் ஏறியிருக்கும்.

மூடி ஒழுங்காக அடைபடத் தொடங்கியதும் சீனியில் விளையாட முடியாது, ஏனென்றால் முன்பு கசிந்து தப்பிய அழுத்தம் இப்போது முழுக்க உள்ளேதான் நிற்கும். சாதாரண ஏல் வகை பியருக்கு லீற்றருக்கு 6 கிராம் சீனி போதும், 19 லீற்றருக்கு 115 கிராம் அளவில் வரும். பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டாமல் போத்தலில் ஊற்றவே வேண்டாம், நொதித்து முடியாத பியரை இறுக்கி மூடினால் போத்தல் வெடிக்கும், கண்ணாடி நாலு பக்கமும் பறக்கும். வெடிக்கும் என்று சந்தேகம் வந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, அடியில் துவாய் சுற்றி, குளிரவைத்து, மெல்லத் திறந்து காஸை விடுங்கள்.

மற்றபடி 20 பாகை அளவில், இருட்டில், நிமிர்த்தி, மூடியுள்ள பெட்டிக்குள் இரண்டு கிழமை. அடிக்கும்போது கையில் ஏதோ சரியில்லை என்று பட்ட போத்தல்களின் மூடியில் மார்க்கரால் ஒரு புள்ளடி போட்டு வைக்கிறேன், அவற்றைத்தான் முதலில் குடிக்கிறோம்.