சிங்கப்பூரிலிருந்து முதல் கப்பல் பயணம்: பதிவு செய்வதிலிருந்து இறங்குவது வரை

சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் சில நாள் பயணம் கப்பலுக்குப் புதியவர்களுக்கு ஏற்றது. செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் விசா. கப்பல் கிளம்பியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டுப் போய்விட்டதாகத்தான் கணக்கு. திரும்பி வருவது புது நுழைவு. அதனால் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள், தங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆன்லைனில் நிரப்பும் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டையும் இரண்டு முறை நிரப்ப வேண்டும்: விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. மறந்துபோவது இரண்டாவதுதான்.

2. கேபினைத் தேர்ந்தெடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேளுங்கள். அலையில் முன்முனையும் பின்முனையும்தான் அதிகம் ஏறி இறங்கும். மேலே போகப்போக ஆட்டமும் கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொந்தளிக்கும் என்பதால் அப்போது இது மிக முக்கியம். குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.

3. ஏறும் நாளில் மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் பக்கம்தான். அங்கே கொடுக்கும் பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், பவர் பேங்க், ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியும் மின்கெட்டிலும் தீ அபாயம் கருதி பரிசோதனையில் எடுத்து வைக்கப்படும்; வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

4. ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். எல்லோருக்கும் கட்டாயம். ஆபத்தின்போது நீங்கள் ஒன்றுகூட வேண்டிய இடத்துக்குக் கேபினிலிருந்து ஒருமுறை படிக்கட்டு வழியாகவே நடந்து பாருங்கள். ஆபத்து நேரத்தில் லிஃப்டை நம்ப முடியாது.

5. துறைமுகம் கண்ணை விட்டு மறையும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்து, ரோமிங் கட்டணம் எகிறிவிடும். வைஃபை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

6. கரையில் இறங்கும் நாளில்தான் முழுக் கவனம் தேவை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்தங்கியது. கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். உங்கள் போனோ புக்கெட் சிக்னல் கிடைத்ததும் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். மாலை 5 மணிக்குள் திரும்பச் சொல்லியிருந்தால், போனில் 4 மணி காட்டும்போதே கெடு முடிந்துவிட்டது! சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். புக்கெட்டின் படோங் கரையில் கப்பல் பெரும்பாலும் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில்தான் போய்வர வேண்டும். கடைசிப் படகுக்கு வரிசை நீளும், ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகவே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். தனியாக டாக்சி பிடித்துச் சுற்றுபவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. பினாங்கில் இந்தப் படகுச் சிக்கல் இல்லை. சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம்.

7. கடைசி இரவு பெரிய பெட்டியை அட்டை கட்டிக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடையையும் செருப்பையும் பாஸ்போர்ட்டையும் முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.