புரட்டாதியில் சனியின் வளையம் பார்ப்பது எப்படி?

புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வரும் இரவில் கிழக்கே பாருங்கள். மினுங்காமல் மஞ்சளாக நிற்பதுதான் சனி. 2026இல் ஒக்டோபர் 4 அன்று அது சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. பொழுது பட உதிக்கும், 9 மணிக்கு நன்றாக உயர்ந்துவிடும்.

என்னுடையது 70 மி.மீ. வாயும் 700 மி.மீ. குவியத்தூரமும் உள்ள சிறிய தொலைநோக்கி. இதுவே போதும்.

முதல் வேலை பகலில்: ஃபைண்டரை, அதாவது பெரிய குழாயின் மேலிருக்கும் சிறிய குறிபார்க்கும் குழாயை, சரிப்படுத்துவது. நான் இதைச் செய்யாமல் விட்டபோது ஃபைண்டரில் சனி நடுவில் நிற்கும், பெரிய குழாயில் வெறும் கறுப்பு. இப்படியே மூன்று இரவுகள் போயின. இரண்டும் ஒரே திசையைப் பார்க்காததுதான் காரணம். மேல்மாடிக்குப் போய், அரைக் கிலோமீற்றராவது தள்ளி நிற்கும் பனையொன்றைத் தேர்ந்தெடுங்கள். வேலிக்கரைப் பனை சரிவராது. கிட்ட இருக்கும் பொருளில் இரண்டு குழாய்களுக்கும் நடுவேயுள்ள இடைவெளியே பிழை தரும். 25 மி.மீ. பார்வைத்துண்டை (கண் வைத்துப் பார்க்கும் வில்லையை) போட்டு, பனையின் வட்டு நடுவில் வந்ததும் பெரிய குழாயை இறுக்குங்கள். பிறகு அதை அசைக்காமல், ஃபைண்டரின் திருகாணிகளை மட்டும் திருகி அதே வட்டைக் குறுக்குக்கோட்டின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். தலைகீழாகத் தெரிந்தால் பழுதில்லை. சூரியன் நிற்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

இரவில் அதே 25 மி.மீ. துண்டில் பிடித்து, அப்புறம் 10 மி.மீ.க்கு மாறுங்கள். 700ஐ 10ஆல் பிரித்தால் 70; அந்த 70 மடங்கில் வளையம் தெரியும். பூமி சுழல்வதால் 3 நிமிடத்துக்குள் சனி ஓரத்துக்கு நகர்ந்துவிடும், மெல்லத் தள்ளிக்கொண்டே இருங்கள். பெட்டியோடு வரும், உருப்பெருக்கத்தை 3 மடங்காக்கும் பார்லோ வில்லை அலுமாரியிலேயே இருக்கட்டும். 10 மி.மீ. துண்டோடு அது 210 மடங்கு காட்டும், 70 மி.மீ. வாய் 140க்கு மேல் தாங்காது, கலங்கல்தான் மிஞ்சும்.

பிற்சேர்க்கை: வளையம் மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கருவியில் பிழையில்லை. 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தது. ஏறக்குறைய 270,000 கி.மீ. அகலமான வளையத்தின் தடிப்பு பெரும்பாலும் ஒரு பனை உயரத்துக்கு மேல் இல்லை. விளிம்பால் பார்த்தால் என்ன தெரியும்? இப்போது சாய்வு கூடி வருகிறது, 2032 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும்.

டைட்டனையும் விட்டுவிடாதீர்கள். 1655இல் டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் கண்ட சனியின் நிலவு. வளையத்தின் அகலத்தைப்போல 4 மடங்கு வரை விலகி, ஒரு நட்சத்திரம்போல நிற்கும். உண்மையிலேயே நட்சத்திரமா என்று சந்தேகம் வந்தால் கொப்பியில் வரைந்து வையுங்கள். டைட்டன் 16 நாளில் ஒரு சுற்று வரும்; எட்டாம் இரவு அந்தப் புள்ளி சனியின் மறுபக்கத்தில் இருக்கும்.