குற்றாலப் பையின் கனம்

பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்கு இரண்டு நாள் போய்வரும் ஒவ்வொரு முறையும், என் தோள்பை போகும்போது இருந்ததைவிடத் திரும்பும்போது அதிகமாகக் கனத்தது. ஒரு மங்குஸ்தான் பழம்கூட வாங்காத பயணத்திலும் அப்படித்தான். துணிகளைச் சுருட்டி அடுக்கினேன், காற்றை உறிஞ்சி எடுக்கும் உறைகளையும் வாங்கினேன். மிச்சமான இடத்தில் இன்னொரு சட்டை ஏறிக்கொண்டதுதான் கண்ட பலன்.

சென்ற ஆடிச் சாரலின்போது, புறப்படுமுன்னும் திரும்பிய பின்னும் பையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். போகையில் 6 கிலோ, வருகையில் ஏறத்தாழ 8 கிலோ. ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தபோது, ஐந்தருவியில் நனைந்த டர்க்கி துண்டும் ஜீன்ஸுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று தெரிந்தது. சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால், இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே கிடந்தாலும் ஜீன்ஸின் இடுப்புத் தையலும் பாக்கெட் துணியும் காய்வதில்லை. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும்.

அடுத்த முறை ஓர் ஈரிழைத் துண்டும் இரண்டு நாலு முழ வேட்டிகளும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அருவியில் சோப்புக்கும் ஷாம்புக்கும் தடை என்பதால் அந்தப் பாட்டில்களையும் வீட்டிலேயே விட்டேன். துண்டு காலைக்குள் காய்ந்துவிட்டது. போகையில் 3 கிலோ. வருகையில் மூன்றரை, அந்த அரைக் கிலோவும் மங்குஸ்தான். தோள் தப்பித்தது.