பலகையும் பல கையும்: ஜாவாஸ்கிரிப்டில் இடைவெளித் தவறுகள்

பலகை என்றால் மரப்பலகை. பல கை என்று பிரித்தால் பொருளே வேறு. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஆபரேட்டர்களுக்கு (+, - போன்ற செயற்குறிகளுக்கு) நடுவே விடும் இடைவெளியும் சில இடங்களில் இப்படிப் பொருளை மாற்றும். பல இடங்களில் எதையும் மாற்றாது. அதனால்தான் நாம் அசந்துவிடுகிறோம்.

அ+ஆ என்று எழுதினாலும் அ + ஆ என்று எழுதினாலும் ஒன்றுதான். ஆனால் 10 - -3 எழுதினால் 13 வரும். 10--3 எழுதினால் சின்டாக்ஸ் எரர், அதாவது மொழியின் இலக்கணப் பிழை. நிரலைப் படித்து இயக்கும் எஞ்சின் இடமிருந்து வலமாகப் படிக்கும்போது, சேர்த்து எடுக்க முடிகிற மிக நீளமான குறியையே எடுக்கும். இரண்டு கழித்தல் குறி ஒட்டி இருந்தால் அதற்கு அது 'ஒன்று குறை' என்ற ஒரே ஆபரேட்டர்.

அ-வின் மதிப்பு 2, ஆ-வின் மதிப்பு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ++ என்றால் 'ஒன்று கூட்டு'. அ+++ஆ என்பதை எஞ்சின் (அ++) + ஆ என்று படிக்கும். விடை 5, அப்புறம் அ 3 ஆகிவிடும். அ + ++ஆ என்று இடம் விட்டால் விடை 6, ஏறுவது ஆ. கோப்பைச் சிறிதாக்க ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடி மாற்ற உதவும் வடிவம்) போட்டு எல்லா இடைவெளியையும் அழிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெர்சர் போன்ற மினிஃபையர்கள், அதாவது நிரலைச் சுருக்கும் கருவிகள், தேவையான இடைவெளியை விட்டுவைக்கும்.

எரர் வந்தால்கூடப் பரவாயில்லை, வராததுதான் ஆபத்து. சரக்கு இருப்பில் ஒன்றைக் கழிக்க இருப்பு -= 1 என்று எழுத வேண்டும். கை தவறி இருப்பு =- 1 என்று எழுதினால், 40 இருந்த இருப்பு 39 ஆகாது; நேராக -1 ஆகிவிடும். எஞ்சின் எந்த எச்சரிக்கையும் தராது. இந்த ஒரு தவறைத் தேடி ஒரு மாலை முழுவதும் போன அனுபவம் எனக்கு உண்டு.

நெருக்கி எழுதினால் முதலில் கணக்கிடும் என்று நம்புவதும் தவறு. 1+2 * 3 என்பதன் விடை 7தான். 9 வேண்டுமென்றால் அடைப்புக்குறி போட வேண்டும்.

வரி மாற்றமும் இடைவெளிதான். மதிப்பைத் திருப்பித் தரச் சொல்லும் ரிட்டர்ன் என்று எழுதி, மதிப்பை அடுத்த வரிக்குத் தள்ளினால் எஞ்சின் தானாகவே அங்கே அரைப்புள்ளி வைத்து முடித்துவிடும்; கிடைப்பது அன்டிஃபைன்ட், அதாவது மதிப்பு எதுவும் இல்லை.

சேமிக்கும்போதெல்லாம், நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் பிரிட்டியர் என்ற கருவி ஓடும்படி எடிட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு =- 1 என்பதை அது இருப்பு = -1 என்று மாற்றி எழுதும்; பார்த்த கணமே தவறு தெரியும்.