டிராஃப்ட் முடிந்த காலையிலேயே மார்க் போடாதீர்கள்: உங்கள் அணி எடுத்த பையன்களை எடைபோடுவது எப்படி

2021 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. மலேசியாவின் சிலிம் ரிவரில், ஆலைக்குப் போகிற வழியில் இருக்கும் மாமாக் கடையில், தே தாரிக் கிளாஸில் போனைச் சாய்த்து வைத்து நானும் மச்சானும் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஞாயிறு ராத்திரி 7 மணி என்றால் இங்கே திங்கள் காலை 7 மணி, ஷிஃப்டுக்கு முன்னால் முதல் பத்துப் பேரையாவது பார்த்துவிடலாம். பத்தாவதாக நியூயார்க் மெட்ஸ் அணி 'குமார் ராக்கர்' என்று பெயர் சொன்னதும் மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "குமாரா? நம்ம பேரு!" அம்மா வழியில் அவர் இந்திய வம்சாவளி என்று தெரிந்ததும் மச்சான் அன்றைக்கே மெட்ஸ் ரசிகராகிவிட்டார். மூன்று வாரத்தில், மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டு, மெட்ஸ் அவரோடு ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த வருடம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது ஆளாக எடுத்தது. நான் ரேஞ்சர்ஸ் பக்கம் வந்தது அப்படித்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் எங்களைப் போலப் புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: நம்ம அணி எடுத்த பையன்கள் நல்ல ஆட்களா இல்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவன் பெயரை மட்டும் தனியாகப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, அந்த வருடம் அணி கையில் எவ்வளவு பணம் இருந்தது, அதை யார் யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

டிராஃப்ட் என்றால் என்ன என்பது சுருக்கமாக. பள்ளி முடித்த பையன்கள், கல்லூரியில் ஆடுகிறவர்கள், இவர்களை 30 அணிகளும் வரிசை போட்டு ஒவ்வொருவராக எடுக்கும். 1965-இல் ஆரம்பித்தது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பையன்களுக்கு மட்டும்தான். இப்போது 20 சுற்று, மொத்தம் 600 பேர் சுமார். எடுக்கப்பட்டவன் நேராக மேஜர் லீக் போகமாட்டான், மைனர் லீகில் படிப்படியாக ஏறி வரவேண்டும்.

டிராஃப்ட் நடந்த மறுநாளே எல்லா இடத்திலும் ஒவ்வொரு அணிக்கும் ஏ, பி, சி என்று மார்க் போட்டிருப்பார்கள். படியுங்கள், ஆனால் அதை நம்பி சண்டைக்குப் போகாதீர்கள். 2020-இல் கொரோனாவால் டிராஃப்டை ஐந்து சுற்றோடு முடித்தார்கள். ரேஞ்சர்ஸ் இரண்டாம் சுற்றில், மொத்த வரிசையில் 50-ஆவதாக, டென்னசி மாநிலத்திலிருந்து எவான் கார்ட்டர் என்ற 17 வயதுப் பள்ளிப் பையனை எடுத்தது. முக்கியமான பட்டியல்களில் அவர் பெயரே இல்லை, யார் இது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். மூன்று வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், 21 வயது முடிந்த சில நாளில் அவர் மேஜர் லீகில் இறங்கினார். அந்த அக்டோபரில், சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் மட்டும் ஒன்பது டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை ஓடுவது) அடித்தார், ஒரே பிளேஆஃபில் வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ரேஞ்சர்ஸ் முதன்முதலாக வேர்ல்ட் சீரிஸ் கோப்பை வாங்கியது அந்த வருடம்தான். 2020-இல் அவரை எடுத்ததற்காக சி போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கையில் இருந்த தகவல் அவ்வளவுதான். நம் கையில் அதைவிடக் குறைவு.

சரி, பணத்துக்கு வருவோம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முதல் பத்து சுற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகை குறித்து வைத்திருக்கிறது, அதை ஸ்லாட் என்பார்கள். ஒரு அணியின் ஸ்லாட்டையெல்லாம் கூட்டினால் வருவதுதான் அந்த அணி கையெழுத்துப் போடுகிறவர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்த போனஸ் பணம். மொத்தத்தில் 5 சதவீதம் வரை மீறினால், மீறிய தொகைக்கு 75 சதவீதம் வரி கட்டவேண்டும், அதற்கு மேல் போனால் வருங்கால முதல் சுற்று இடமே பறிபோகும், அதனால் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. ஆனால் மொத்தத்துக்கு உள்ளே யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அணியின் இஷ்டம். ஒருவனுக்கு ஸ்லாட்டைவிடக் குறைத்துக் கொடுத்து, மிச்சத்தை வேறொருவனுக்குக் கூட்டிக் கொடுக்கலாம். வீட்டுச் சம்பளம் மாதிரிதான், மளிகையில் மிச்சம் பிடித்தது பள்ளிக் கட்டணத்துக்குப் போகும்.

2022-ஐப் பாருங்கள். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ரேஞ்சர்ஸ், கோரி சீகர், மார்கஸ் செமியன் என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்களையும் வாங்கியதால், லீக் விதிப்படி இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று இடங்களை இழந்திருந்தது. முதல் சுற்றில் ஓர் ஆள், அடுத்தது நேராக நான்காவது சுற்று. மூன்றாவது இடத்தின் ஸ்லாட் கிட்டத்தட்ட 7.6 மில்லியன் டாலர். குமார் ராக்கருக்குக் கொடுத்தது 5.2 மில்லியன். "மூன்றாவது இடத்தில் போய் இவரையா எடுப்பார்கள்?" என்று ரொம்பப் பேர் கத்தினார்கள், நானும்கூடக் குமார் என்ற பெயருக்காகத்தான் சந்தோஷப்பட்டேனே தவிர உள்ளுக்குள் பயம் இருந்தது. நான்காவது சுற்று வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிராக் போர்ட்டர் என்ற பள்ளிக்கூட பிட்சர் (பந்து வீசுகிறவன்), முதல் சுற்றிலேயே போகவேண்டிய பையன், அதிகப் பணம் கேட்டதால் கீழே இறங்கி வந்திருந்தான். ரேஞ்சர்ஸ் அவனை எடுத்து 3.7 மில்லியன் கொடுத்தது. அதாவது ராக்கர் ஓர் ஆள் அல்ல, ராக்கரும் போர்ட்டரும் சேர்ந்து ஒரே முடிவு. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் எங்கள் எதிரி அணிதான், இருந்தாலும் இதை அழகாகச் செய்து காட்டியது அவர்கள்தான். 2012-இல் முதல் இடத்தில் கார்லோஸ் கோரியாவை 7.2 மில்லியன் ஸ்லாட்டுக்குப் பதில் 4.8 மில்லியனுக்கு ஒப்பந்தம் செய்து, மிச்சத்தில் 41-ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் 2017-இல் கோப்பை வாங்கிய அணியில் ஆடினார்கள்.

இதே கணக்கில்தான் எட்டு, ஒன்பது, பத்தாவது சுற்றும். அங்கே உங்கள் அணி பெயர் தெரியாத கடைசி வருடக் கல்லூரிப் பையனை எடுத்தால் கோபப்படாதீர்கள். திரும்பிப் போய்ப் படிக்கிறேன் என்று மிரட்ட அவனுக்கு வழியில்லை, ஸ்லாட்டில் சின்ன பங்குக்கே கையெழுத்துப் போடுவான், மிச்சம் வேறு எங்கோ போகும். 11-ஆவது சுற்றிலிருந்து ஒருவனுக்கு 150,000 டாலர் வரை கொடுப்பது கணக்கிலேயே சேராது, அதனால் 11-ஆவது சுற்றில் யாரை எடுக்கிறார்கள் என்று கவனமாகப் பாருங்கள், பணம் மிச்சமிருந்தால் அங்கே ஒரு நல்ல பள்ளிப் பையன் வந்து விழுவான். இன்னொன்று, முதல் பத்துச் சுற்றில் எடுத்தவன் கையெழுத்துப் போடாமல் போனால் அவனுடைய ஸ்லாட் தொகையும் அணியின் கணக்கிலிருந்து போய்விடும். ஆகவே கையெழுத்துக் கெடு முடியும்வரை, ஜூலை கடைசி வரைக்கும், எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்தது ஆட்டம். நான் செம்பனை ஆலையில் குலைக்குத் தரம் பார்க்கிறவன். லாரி குலைகளைக் கொட்டியதும் புதிதாக வேலைக்கு வருகிற தம்பிகள் நிறத்தைப் பார்ப்பார்கள், நல்ல சிவப்பாக இருந்தால் பழுத்துவிட்டது என்பார்கள். நிறம் ஏமாற்றும். குலையில் பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்தாவது இருக்கிறதா என்று குனிந்து எண்ணிப் பார்க்கவேண்டும், அதுதான் பழுத்த குலை. டிராஃப்ட் பையன்களின் வீடியோவில் நீங்கள் பார்ப்பது நிறம். 450 அடி ஹோம்ரன், அதாவது வேலியைத் தாண்டிப் போகும் அடி, எல்லாரிடமும் ஒன்று இருக்கும். எண்ணவேண்டிய குழி இரண்டு: ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி பேட்ஸ்மேன் அவுட் ஆவது) எத்தனை, வாக் (பிட்சர் நான்கு பந்தை இடம் தவறிப் போட்டதால் பேட்ஸ்மேன் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது) எத்தனை. பேட்ஸ்மேன் என்றால் வாக் ஸ்ட்ரைக்அவுட்டை நெருங்கினால் நல்லது, தாண்டினால் ரொம்ப நல்லது. 2023-இல் ரேஞ்சர்ஸ் நான்காவதாக எடுத்த வயட் லாங்ஃபோர்ட், ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் ஸ்ட்ரைக்அவுட்டைவிட அதிகமாக வாக் வாங்கியவர், அடுத்த வருட முதல் ஆட்டத்திலேயே மேஜர் லீகில் நின்றார். பிட்சர் என்றால் அப்படியே திருப்பிப் பாருங்கள்.

கல்லூரியில் உலோக மட்டை, தொழில்முறையில் மர மட்டை, இதையும் மறக்காதீர்கள். மாசசூசெட்ஸில் கோடையில் நடக்கும் கேப் காட் லீகில் கல்லூரிப் பையன்கள் மர மட்டையில் ஆடுவார்கள், அங்கே ஒருவன் எப்படி அடித்தான் என்பது எனக்கு அவனுடைய கல்லூரி சராசரியைவிடப் பெரிய விஷயம். ஆட்களைத் தேடிப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்டுகள் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள், 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 50-ஐ நம்ம பள்ளிக்கூட ஐம்பது மாதிரி நினைத்து மட்டம் தட்டவேண்டாம், மேஜர் லீக் சராசரி ஆட்டக்காரன் என்பதே பெரிய ஆள்.

வயதைப் பாருங்கள். பள்ளிப் பையன் 17-ஆ, 19-ஆ என்பது பெரிய வித்தியாசம், 19 வயதுக்காரன் 17 வயதுப் பந்தை அடிப்பதில் ஆச்சரியமில்லை. மைனர் லீகில் சேர்ந்த பிறகும் இதே கணக்கு, அந்தத் தளத்தில் மற்றவர்களைவிட இளையவனா மூத்தவனா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற எண்களைப் பார்க்கவேண்டும். மைனர் லீகில் மேலிருந்து இரண்டாவதான டபுள் ஏ என்ற தளம்தான் சல்லடை, அங்கே பிட்சர்கள் சொன்ன இடத்தில் பந்து போடுவார்கள். 2021-இல் ரேஞ்சர்ஸ் இரண்டாவதாக எடுத்த ஜாக் லைட்டர் டபுள் ஏ-யில் திணறோ திணறு என்று திணறினார், எத்தனையோ பேர் கைகழுவிவிட்டார்கள், 2024 ஏப்ரலில் மேலே வந்தார்.

பிட்சர்களுக்கு முழங்கை ஒரு தனிக் கவலை. டாமி ஜான் அறுவை என்பார்கள், 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது, வேறு இடத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் வைப்பது. செய்தால் ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டம் இல்லை. ராக்கருக்கு 2023 மே மாதத்தில் நடந்தது. 2024 செப்டம்பரில் அவர் முதல் மேஜர் லீக் பந்தைப் போட்டபோது மச்சானும் நானும் ஒன்றாகத்தான் பார்த்தோம், மெட்ஸ் ரசிகர் கண்ணில் தண்ணீர். ஆகவே பிட்சரை எடுத்தால் உங்கள் கணிப்பில் இரண்டு வருடம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

"நமக்கு கேட்சர் இல்லையே, ஏன் இன்னொரு ஷார்ட்ஸ்டாப்?" என்று மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கு எடுத்தவன் வருவதற்குள் அணியே மாறியிருக்கும், அவனே இடம் மாறியிருப்பான். ஜேக்கப் டிகிராம் கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியவர், 2010-இல் ஒன்பதாவது சுற்றில் 272-ஆவது ஆளாக மெட்ஸ் அவரை பிட்சராக எடுத்தது, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார், இப்போது எங்கள் அணியில் இருக்கிறார்.

கடைசியாக, எழுதி வையுங்கள். இது இல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண், ஏனென்றால் மூன்று வருடம் கழித்து எல்லாருமே "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அந்தச் சின்ன 555 புத்தகம், அது போதும். நான் பேனாவால்தான் எழுதுவேன், பென்சில் என்றால் பிறகு அழிக்கத் தோன்றும். என் 2022 பக்கத்தில் இருப்பது இது: 'ராக்கர், 22 வயது, ஸ்லாட் 7.6, வாங்கியது 5.2. கை தாங்குமா? 2024-க்குள் மேலே.' அதற்குக் கீழே: 'போர்ட்டர், 19 வயது, நாலாவது சுற்று, 3.7. இவன்தான் பெரிய ஆள், ராக்கரை முந்துவான்.' முதல் வரி சரியாகப் போனது. இரண்டாவது தப்பு, 2024-இல் போர்ட்டர் வாக் மேல் வாக் கொடுத்துத் திணறினான். பந்தின் வேகத்தைப் பார்த்து மயங்கி, குழியை எண்ணாமல் நிறத்தைப் பார்த்துவிட்டேன் என்று அந்தப் பக்கம் எனக்குக் காட்டுகிறது.

பத்துப் பேர் போதும், இருபதும் எழுதவேண்டாம். பெயர், வயது, ஸ்லாட், வாங்கிய தொகை, ஒரு வரி கணிப்பு. தொகைக்கான இடத்தை டிராஃப்ட் அன்றைக்குக் காலியாக விட்டு, கெடு முடிந்ததும் நிரப்புங்கள். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த ஜூலையில், புதுப் பையன்களின் பெயரை எழுதுவதற்கு முன்னால், மூன்று வருடம் பழைய பக்கத்தைத் திறந்து படியுங்கள்.