விபிஎன் கருவியில் பஃபர் ஓவர்ஃப்ளோ: பேட்ச் போடுவதற்கு முன்னும் பின்னும்

இவான்டி நிறுவனம் வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக இணைய உதவும் தன் கனெக்ட் செக்யூர் விபிஎன் கருவியில் உள்ள சிவிஇ-2025-0282 (சிவிஇ என்பது பாதிப்புகளுக்கு இடப்படும் பொது அடையாள எண்) என்ற பாதிப்பை அறிவித்து, அதற்கான பேட்சை (மென்பொருள் திருத்தத்தை) வெளியிட்டது 2025 ஜனவரி 8 அன்று. ஆனால் அதற்கு முந்தைய டிசம்பர் மாதத்தின் நடுப்பகுதியிலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டதாக மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே பேட்ச் போட்ட நிர்வாகியின் கருவியில்கூட ஏற்கெனவே ஆள் நுழைந்திருக்கலாம் என்பதால், பேட்ச் போடுவதை இந்த வேலையின் ஒரு பகுதியாக மட்டுமே கருத வேண்டும்.

முதலில் பிழையைப் புரிந்துகொள்வோம். இணைய வரும் மென்பொருள் தன் திறன்களைத் தெரிவிக்க அனுப்பும் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை), கருவியின் வெப் சர்வர், ஸ்டாக் எனும் தற்காலிக நினைவகப் பகுதியில் உள்ள 256 பைட் பஃபருக்குள் (தரவை வைக்க ஒதுக்கிய இடத்துக்குள்) நகலெடுக்கிறது. இதற்கு, எத்தனை பைட் வரை நகலெடுக்கலாம் என்று வரம்பு கேட்கும், பொதுவாகப் பாதுகாப்பானது எனக் கருதப்படும் சி மொழிச் செயற்கூறையே நிரலாளர் பயன்படுத்தியிருந்தார். ஆனால் வரம்பாகக் கொடுக்கப்பட்டது பஃபரின் அளவு அல்ல, வந்த சரத்தின் நீளம். அதாவது எவ்வளவு எழுதலாம் என்பதை அனுப்புகிறவரே தீர்மானிக்கிறார். 256 பைட்டைத் தாண்டி எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் ஸ்டாக்கில் பக்கத்தில் இருக்கும் மாறிகளையும், இறுதியில், நிரல் அடுத்து எங்கே தொடர வேண்டும் என்று சொல்லும் ரிட்டர்ன் அட்ரஸையும் அழித்து எழுதும். அங்கே தாக்குபவர் தேர்ந்தெடுத்த முகவரி உட்கார்ந்துவிட்டால், புராசசர் அவர் சொன்ன இடத்துக்குப் போய்விடும். இவை அனைத்தும் லாகினுக்கு முன்பே நடப்பதால், கடினமான பாஸ்வேர்டோ இரட்டைச் சரிபார்ப்போ இதைத் தடுக்காது.

இத்தகைய தாக்குதல் நினைவக அமைப்பைச் சார்ந்தது என்பதால், பதிப்புக்குப் பதிப்பு மாறும். எனவே தாக்கியவர்கள் முதலில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று அறிய, பெயரிலேயே பதிப்பு எண் கொண்ட ஜார் (ஜாவா நிரல்) கோப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். உங்கள் வெப் பதிவுகளில் பழக்கமில்லாத முகவரியிலிருந்து இப்படிப்பட்ட கோரிக்கைகள் வரிசையாக வந்திருந்தால், அந்த நேரத்திலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

பதிவுகளைக் கருவிக்குள் மட்டும் தேடுவது போதாது. நுழைந்தவர்கள் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கை முடக்கி, சிஸ்லாக் முறையில் பதிவுகள் வெளி சர்வருக்குப் போவதை நிறுத்தி, தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் வெப் ஷெல்லை நிறுவிய பிறகு தங்கள் தடயங்களைப் பதிவுகளிலிருந்து நீக்கினார்கள். ஆகவே வெளியே உள்ள சிஸ்லாக் சர்வரைத் திறந்து, வழக்கமாக இடைவிடாமல் வரும் பதிவுகள் திடீரென நின்ற நேரம் ஏதும் உண்டா என்று பாருங்கள். அந்த வெற்றிடமே வலுவான சான்று. வெளி சர்வருக்குப் பதிவு அனுப்பும் ஏற்பாடு இன்னும் இல்லையென்றால், இன்றே செய்துவிடுங்கள். விபிஎன் கருவிக்குள் நாம் விரும்பும் பாதுகாப்பு மென்பொருளை நிறுவ முடியாத நிலையில், நமக்கிருக்கும் முக்கியமான கண் இதுதான்.

அடுத்து, கருவியின் கோப்புகள் மாற்றப்பட்டுள்ளனவா என்று பார்க்க இவான்டி நிறுவனம் தரும் ஒருமைப்பாட்டுச் சோதனைக் கருவியை இயக்குங்கள். குறை காட்டினால் நம்புங்கள். சுத்தம் என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள், ஏனெனில் இந்தத் தாக்குதலில் பயன்பட்ட ஒரு தீநிரல், சோதனை ஒப்பிடும் பட்டியலிலேயே தன் ஹேஷைச் (கோப்பின் அடையாளக் குறியை) சேர்த்துக்கொண்டது. ஃபேஸ்ஜாம் என்ற மற்றொன்று, நிர்வாகி அப்கிரேடு செய்யும்போது அதைத் தடுத்துவிட்டு, வேலை நடப்பதுபோல் போலியான முன்னேற்றத் திரையைக் காட்டியது. ஆகவே சந்தேகம் இருந்தால் முதலில் தடயவியலுக்கான பிம்பத்தை (கருவியின் முழு நகலை) எடுத்து வையுங்கள். பிறகு, சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஃபேக்டரி ரீசெட் செய்து 22.7ஆர்2.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை நிறுவுங்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் ரீசெட்டையே மிகுந்த நம்பகம் தரும் வழியாகப் பரிந்துரைத்தது. கருவியில் இருந்த சான்றிதழ்களை ரத்து செய்து புதியவை வாங்குவதும், பயனர் விவரங்களை வைத்திருக்கும் எல்டாப் சர்வரோடு அது பேசப் பயன்படுத்திய கணக்கு உட்பட அனைத்துப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுவதும் ரீசெட்டுக்குப் பிறகே நடக்க வேண்டும். முன்னதாக மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் களவு போகக்கூடும்.

எந்த பேட்சை எப்போது போடுவது என்பதில் இதே கருவி இன்னொரு பாடத்தையும் தந்தது. 2025 பிப்ரவரியில் வந்த 22.7ஆர்2.6 பதிப்பு மற்றொரு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைச் சரிசெய்தது. அதில் எழுத முடிந்தவை எண்களும் புள்ளிகளும் மட்டுமே என்பதால், அதைக் கொண்டு கருவியைக் கைப்பற்ற முடியாது என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் மார்ச் நடுப்பகுதியில் அதைப் பயன்படுத்தித் தாக்குதல்கள் நடந்தன; ஏப்ரல் 3 அன்று சிவிஇ-2025-22457 என அது அறிவிக்கப்பட்டது. பேட்சை ஆராய்ந்தே தாக்கியவர்கள் வழி கண்டிருக்கலாம் என்பது மாண்டியன்டின் கணிப்பு. இணையத்தைப் பார்த்து நிற்கும் கருவியில், நினைவகம் தொடர்பான எந்தத் திருத்தத்தையும் சாதாரணப் பிழைத்திருத்தம் என்று அடுத்த பராமரிப்பு நாளுக்குத் தள்ளாதீர்கள்.

நிர்வாகப் பக்கம் இணையத்திலிருந்து எட்டாதபடி வையுங்கள். விபிஎன் கருவியிலிருந்து உள் நெட்வொர்க்குக்குத் தேவையான போர்ட்டுகளை மட்டும் திறந்து, மற்றவற்றை ஃபயர்வாலில் மூடுங்கள். பழைய 9.1எக்ஸ் வரிசைக்கு 2024 டிசம்பர் 31 உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கு இனி பேட்ச் வராது என்பதால், அந்தக் கருவிகளை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, ஆதரவு உள்ள கருவிக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை.