வடக்கே திருப்புங்கள்: டர்பனில் பிள்ளைகளோடு ஒரு சோலார் ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு அரை மணி நேரம் மைதானத்தில் உட்காருவேன். கையில் ஒரு சின்ன சோலார் பேனலும், வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரும் இருக்கும். 2023-ல் லோட் ஷெட்டிங் என்னும் சுழற்சி மின்வெட்டு வாட்டியெடுத்தபோது மெழுகுவத்தி வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைகள் இவர்கள். கூரைமேல் இருக்கும் பேனலை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் தொட்டு அளந்ததில்லை. அளக்க வைப்பதற்காகத்தான் இந்தப் பதிவு. அறிவியல் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை, பெற்றோரே செய்யலாம்.

வேண்டியவை: 6 வோல்ட், 1 வாட் பேனல், மல்டிமீட்டர், 33 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), அதுவும் 5 வாட் தாங்குவதாக (சின்னது வாங்கினால் சூடேறிக் கருகிவிடும்), 30 சென்டிமீட்டர் அடிக்கோல், கோணமானி, ஒரு நோட்டு. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

படி 1: திசை

எங்கள் முதல் சனிக்கிழமை இதில்தான் வீணானது. தமிழில் கிடைக்கிற செய்முறைகள் பெரும்பாலும் இந்தியாவில் எழுதப்பட்டவை. "பேனலைத் தெற்குப் பார்த்து வையுங்கள்" என்று அவற்றில் இருக்கும், நாங்களும் அப்படியே வைத்தோம். டர்பன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுக்க நம் உச்சிச் சூரியன் வடக்கேதான் நிற்கும். பேனலின் முகமும் வடக்கே இருக்க வேண்டும்.

உத்தராயணம் என்று நாம் கொண்டாடுவதையே இங்கே எடுத்துச் சொல்லலாம். சூரியன் வடக்கே நகர்ந்தால் இந்தியாவில் பகல் நீள்கிறது, நமக்கோ குறைகிறது. நாம் பொங்கல் வைக்கும்போது கோடை உச்சம் கடந்து பகல் சுருங்கத் தொடங்கியிருக்கும். இதைச் சொன்ன அன்று ஒரு சிறுமி வீட்டுக்குப் போய் ஆயாவிடம் ஒரு மணி நேரம் விவாதித்தாளாம்.

திசைகாட்டியை மட்டும் நம்ப வேண்டாம். டர்பனில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 25 பாகை மேற்கே விலகி நிற்கும். அடிக்கோலைச் செங்குத்தாக நட்டு, காலை 11.30 முதல் 12.20 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். மிகக் குட்டையான நிழல் காட்டுவது சரியான தெற்கு. அதற்கு நேர் எதிரே பேனலைத் திருப்புங்கள். பிப்ரவரியில் அந்த நேரம் 12.10 ஒட்டியும், நவம்பர் தொடக்கத்தில் 11.40 ஒட்டியும் வரும். நிழலின் நீளத்தையும் எழுதி வையுங்கள். ஜூன் 21-ல் 30 சென்டிமீட்டர் கோலுக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் நிழல், டிசம்பர் 21-ல் சுமார் 3 சென்டிமீட்டர்தான்.

படி 2: எதை அளப்பது

தொடக்கக்காரர் எல்லாரும் பேனலின் இரு கம்பிகளில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட் மட்டும் பார்ப்பார்கள். வெயிலில் ஏறத்தாழ 7 வரும். மேகம் மூடினாலும் கொஞ்சம்தான் இறங்கும். "அக்கா, அப்போ மேகம் வந்தா ஒண்ணும் ஆகாதா?" என்று ஒரு தம்பி கேட்டான். அருமையான கேள்வி, உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். மேகம் வந்ததும் எண் சடாரென விழுவதை அவனே பார்ப்பான். மின்னழுத்தத்தைப் பெரும்பாலும் சிலிக்கானின் தன்மை தீர்மானிக்கிறது, பேனலில் உள்ள ஒவ்வொரு சிறு சிலிக்கான் துண்டுக்கும், அதாவது ஒரு செல்லுக்கு, சுமார் 0.6 வோல்ட். விழும் ஒளிக்கு ஏற்பக் கூடிக் குறைவது மின்னோட்டம். ஆகவே வெயிலை அளக்க மின்னோட்டம்தான் உதவும்.

கவனம்: இப்படி நேரடியாக ஆம்பியர் அளப்பது இந்தச் சின்னப் பேனலுக்கு மட்டுமே. பேட்டரியிலோ சுவர்ப் பிளக்கிலோ கூரைப் பேனலிலோ செய்யவே கூடாது. அளந்து முடித்ததும் கம்பியைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள்.

திறன் தெரிய, பேனலோடு ரெசிஸ்டரை இணைத்து அதன் மேல் வோல்ட் பாருங்கள். வந்த எண்ணை அதனாலேயே பெருக்கி 33-ஆல் வகுத்தால் வாட் கிடைக்கும். 5.5 வோல்ட் என்றால் 0.92 வாட்.

படி 3: சாய்வு

உச்சி வேளையில் பேனலை 0, 15, 30, 45, 60 பாகை சாய்த்து ஒவ்வொன்றிலும் மின்னோட்டத்தைக் குறியுங்கள். ஜூனில் உச்சிச் சூரியனே 37 பாகை உயரம்தான். தரையில் படுத்திருக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் சுமார் 60 விழுக்காடுதான் கிட்டும். டிசம்பரில் படுத்திருந்தாலும் குறை தெரியாது. கூரைகளில் ஆண்டு முழுமைக்கும் சேர்த்து 30 பாகை ஒட்டி வைக்கும் காரணத்தைப் பிள்ளைகளே அட்டவணையிலிருந்து சொல்லிவிடுவார்கள்.

படி 4: இரண்டு சிறு சோதனைகள்

ஒரு செல்லை மட்டும் மாவிலையால் மூடுங்கள். செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் மொத்த மின்னோட்டமும் படுத்துவிடும். அடுத்து, வெயிலில் காய்ந்த பேனலின் பின்பக்கம் ஈரத்துணி வைத்து வோல்ட் ஏறுவதைப் பாருங்கள். சிலிக்கான் பேனல் ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.4 விழுக்காடு திறனை இழக்கிறது. வெயில் வேறு, வெப்பம் வேறு என்பது பிள்ளைகளுக்கு இங்கேதான் புரிகிறது.

படி 5: ஒப்பிடுதல்

குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகமும் தொடங்கிய சௌரான் என்னும் கதிர்வீச்சு அளவீட்டு வலையமைப்பு 2014 முதல் இயங்குகிறது. டர்பனின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்திலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. அதன் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் கிடைமட்டக் கதிர்வீச்சு, அதாவது தரைக்கு இணையான பரப்பில் விழும் வெயில், என்ற எண்ணோடு ஒப்பிடும் நாளில் பேனலையும் கிடைமட்டமாகவே வையுங்கள். காலை முதல் மாலை வரை மணிக்கு ஒரு முறை அளந்து, இரண்டு வளைகோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும். விலகுவதற்குக் காரணம் தேடும்போதுதான் பிள்ளைகளிடமிருந்து நல்ல கேள்விகள் வருகின்றன.

இந்த அளவுக்கு வந்துவிட்டால் நாட்டின் மின்வாரியமான எஸ்காமின் பெயரில், 1980 முதல் நடந்துவரும் எஸ்காம் இளம் அறிவியலாளர் கண்காட்சிக்குப் பள்ளி மூலம் பதியலாம். நோட்டில் அடித்த எண்களை அழிக்கவோ மறுபடி அழகாக எழுதவோ விடாதீர்கள். தேதி, நேரம், மேகம், யார் அளந்தது என்று எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்டால், ஆடியில். கோடை மழை ஓய்ந்து, மாரியம்மன் கூழுக்குக் கோயிலில் கூடும் அந்த வாரங்களில் டர்பன் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும், நிழலும் அளக்க வசதியாக நீண்டிருக்கும்.